‘ஆரஞ்சு’ தமிழ்ச்சொல்லா? எழுதுமுன் சரிபார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற மலருக்குப் பழப்பெயர்கள் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ‘நாறும் காய்’ என்ற தமிழ்த் தொடர்தான் நாரங்காய், நாரங்கம், ஆரஞ்சு என்று மாறியது என்று படித்தேன். யானை ஒன்று இந்தப் பழத்தை அளவுக்கு மீறித் தின்று இறந்துபோனதால் வடமொழியில் ‘நாகரங்கம்’ என்று பெயர் வந்தது என்கிறார் ஒருவர். நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரே பழத்துக்கும் வந்தது என்கிறார் இன்னொருவர். எதை எழுதலாம்? பழத்தின் பெயர் முந்தியதா, நிறத்தின் பெயர் முந்தியதா? இப்படிப்பட்ட செய்திகளை நாங்களே சரிபார்க்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஆரஞ்சு என்று இன்று நாம் சொல்லும் வடிவம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதைப் பின்னோக்கித் துருவிக்கொண்டே போனால் பிரெஞ்சு, இத்தாலியம், அரபு, பாரசீகம், வடமொழி என்று நீண்டு, அதற்கும் பின்னால் திராவிட மொழி ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணங்கள் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் படித்த ‘நாறும் காய்’ என்ற பிரிப்பு அந்த நல்ல காரணங்களில் சேராது. யானைக் கதை பின்னால் கட்டியது. நெதர்லாந்துச் செய்தி தலைகீழ். பழத்தின் பெயர்தான் நிறத்துக்கு முந்தியது.

இந்தச் சொல் வந்த வழியில் ஐயமில்லாத பகுதியை முதலில் பார்த்துவிடுவோம். வடமொழியில் ‘நாரங்க’. பாரசீகத்தில் ‘நாரங்’. அரபு மொழியில் ‘க’வின் மெல்லோசை கிடையாது, பாரசீகச் சொற்களை எடுக்கும்போது அந்த ஓசையை ‘ஜ’ ஆக்கிக்கொள்வது அதன் வழக்கம். அப்படி ‘நாரங்’, ‘நாரஞ்ச்’ ஆயிற்று. நம் ‘ஆரஞ்சு’வின் கடைசியில் இருக்கும் ‘ஞ்சு’ பிறந்த இடம் இதுதான். அராபியர்கள் 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் சிசிலியிலும் ஸ்பெயினிலும் இந்த மரத்தை வளர்த்தார்கள். ஸ்பானியர் ‘நரான்ஹா’ என்றார்கள், போர்த்துகீசியர் ‘லரான்ஜா’ என்றார்கள். ஒரே சொல்லில் இரண்டு மூக்கொலி வந்ததால் முதலாவதை ‘ல’வாக மாற்றிக்கொண்டது போர்த்துகீசியம். ஹங்கேரியில் இன்றும் ‘நரஞ்ச்’.

சொல் முதலில் இருந்த ‘ந’ போனது இத்தாலியிலும் பிரான்சிலும். இத்தாலிய மொழியில் பெண்பால் பெயருக்கு முன் ‘உனா’ என்று ஒருமைச் சுட்டு வரும். ‘உனா நரஞ்சா’ என்று வேகமாகச் சொல்லும்போது இரண்டு ‘ந’வும் ஒட்டிக்கொள்ள, கேட்பவர் ஒன்றைச் சுட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டார். மிஞ்சியது ‘அரான்ச்சா’. வெனிசு நகர வழக்கு மட்டும் ‘நரான்சா’ என்று பழைய ‘ந’வைக் காப்பாற்றிக்கொண்டது. பிரெஞ்சில் இன்னொன்றும் சேர்ந்தது: ‘ஓர்’ என்றால் பொன். பொன்னிறப் பழத்தின் பெயர் ‘அ’வில் தொடங்குவதைவிட ‘ஓ’வில் தொடங்குவது அவர்கள் காதுக்குப் பொருத்தமாகப் பட்டது, ‘ஓராஞ்ச்’ ஆயிற்று. ஆங்கிலம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில்தான் ‘ந’ உதிர்ந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ‘ஏப்ரன்’ என்ற மேலங்கிச் சொல்லுக்கும் ‘அம்பயர்’ என்ற நடுவர் சொல்லுக்கும் அது பொருந்தும். இரண்டுமே ஒரு காலத்தில் ‘ந’வில் தொடங்கியவைதாம். ஆரஞ்சு ஆங்கிலத்துக்கு வரும்போதே ‘ந’ இல்லாமல்தான் வந்தது. மலரில் இந்தப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. ‘நாறு’ என்றால் மணத்தல், ஆகவே நாறும் காய், ஆகவே நாரங்காய். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தைப் பாருங்கள். ‘நாறு’வில் வல்லின ‘ற’. நாரத்தை, நாரங்கம் இரண்டிலும் இடையின ‘ர’. இன்றைய பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டதால் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பழந்தமிழில் இவை வேறு வேறு ஒலிகள். ‘ற’ வல்லினத்தில் வைக்கப்பட்டதற்குக் காரணமே அதுதான். மலையாளமும் இந்த வேறுபாட்டை இன்றுவரை காக்கிறது. அங்கும் ‘நாரங்ங’ இடையின ரகரத்தோடுதான் வரும்.

இதைக் கண்ணெதிரே காட்டும் ஓரடி புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய 235-ஆம் பாட்டு:

நரந்தம் நாறும் தன்கையால்
புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே

நரந்த மணம் வீசும் தன் கையால், புலால் வீசும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே என்கிறார். ‘நரந்தம்’, ‘நாறும்’ என்ற இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் ‘ர’, மற்றதில் ‘ற’. மணத்தோடு தொடர்புடைய இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்லும்போதும் ஒலி கலக்கவில்லை. அடுத்த அடியையும் விட்டுவிடாதீர்கள். புலாலும் ‘நாறும்’ என்கிறார். அப்படியானால் ‘நாறு’ என்பதற்கு நறுமணம் என்று மட்டும் அன்று பொருளில்லை. நல்லதோ கெட்டதோ, வாசம் வீசுவது எல்லாமே நாறுவதுதான். ‘நாறும் காய்’ என்று பிரிப்பவர்கள் எழுத்திலும் இடறுகிறார்கள், பொருளிலும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுக்கிறார்கள்.

ஆனால் அதே அடி வேறொரு கதவைத் திறக்கிறது என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தருவது. ‘நரந்தம்’ என்ற சொல், இடையின ரகரத்தோடு, மணப்பொருளின் பெயராகச் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலும் ‘நரந்தம் நாகம் நள்ளிருணாறி’ என்று வருகிறது. அதை நாரத்தம்பூ என்று கொள்வது மரபு. புறநானூறு 132-இல் ‘நரந்தை நறும்புல் மேய்ந்த கவரி’ என்று வருவது மட்டும் புல்தான், பழமரம் அல்ல. அகராதிகளிலும் நரந்தத்துக்கு மணப்புல், நாரத்தை, கஸ்தூரி என்று பல பொருள் இருக்கும். ஆகவே ‘சங்க இலக்கியத்தில் ஆரஞ்சு’ என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். ‘மணமுள்ள செடிகொடிகளுக்கு நரந்தம், நரந்தை என்ற பெயர் சங்ககாலத்திலேயே வழங்கியது, நாரத்தை என்ற பெயர் அதற்கு உறவாக இருக்கலாம்’ என்பது வரை எழுதலாம். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம்.

திராவிட மூலம் என்று கருத இதைவிட வலுவான காரணம் சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. மாங்காய் மலையாளத்தில் ‘மாங்ங’. தேங்காய் ‘தேங்ங’. அதே ஒழுங்கில் ‘நாரங்ங’ என்பது நாரம் + காய் என்ற கூட்டின் நேர் வடிவம். அங்கே அது புளிப்பு இனப் பழங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்: செறுநாரங்ங என்றால் எலுமிச்சை, மதுரநாரங்ங என்றால் ஆரஞ்சு. மூக்கொலிக்குப் பின் வரும் ககரம் தென்மொழிகளில் மெலிந்தே ஒலிக்கும். நாம் ‘சங்கம்’ என்று சொல்லும்போது வரும் அதே ஓசை. அதைக் காதால் கேட்டு எழுதினால் வடமொழி ‘நாரங்க’ கிடைத்துவிடுகிறது. ஒரு மொழியின் இயல்பான ஒலி ஒழுங்குக்குள் சொல் முழுதும் பொருந்துவது, சொல்லைத் துண்டாக்கிப் பொருள் தேடுவதைவிடப் பல மடங்கு மேலான சான்று.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த மரக்குடும்பத்தின் தாயகம் தென்னாடு அல்ல. 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தை, அதாவது அசாமின் கிழக்கு, மியன்மாரின் வடக்கு, யுனானின் மேற்கு ஆகிய பகுதிகளைக் காட்டுகிறது. பழம் அங்கிருந்து தெற்கே வந்தபோது தன் பெயரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்க வாய்ப்பு உண்டு. வடமொழியைச் சாட்சிக்கு அழைத்தும் பயனில்லை. அங்கே ரகரம் ஒன்றே என்பதால், மூலச் சொல்லில் இருந்தது ‘ர’வா ‘ற’வா என்பது அந்த வாசலிலேயே அழிந்துவிடும். இதனால்தான் பொறுப்பான அகராதிகள் ‘திராவிட மூலமாகலாம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன.

யானைக் கதைக்கு வருவோம். ‘நாகரங்க’ என்ற வடிவம் வடமொழியில் உண்மையாகவே உண்டு, கற்பனை அல்ல. நாகம் என்பதற்கு யானை என்றும் பொருள் உண்டு. பொருள் விளங்காத ஒரு சொல்லுக்குள் விளங்கும் சொல்லொன்றைப் பொருத்தி, பின்னர் அதை விளக்க ஒரு கதையைக் கட்டுவது எல்லா மொழியிலும் நடப்பது. பாரசீகத்தில் ‘நார்’ என்றால் மாதுளை, ‘ரங்’ என்றால் நிறம்; மாதுளை நிறம் என்று அங்கே பிரித்துக்கொள்ள முடியும். பிரெஞ்சுக்காரருக்குப் பொன் தெரிந்தது. வடமொழியாளருக்கு யானை தெரிந்தது. தமிழருக்கு நறுமணம் தெரிகிறது. நான்கு மொழிகளும் தத்தம் சொல்லையே இதற்குள் கண்டெடுக்கின்றன என்றால், பிரித்துப் பார்ப்பது எதையும் நிறுவாது என்றுதான் பொருள். உங்கள் கட்டுரையில் இந்த நான்கையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால், படிக்கும் மாணவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

நெதர்லாந்து அரச மரபின் பெயர் தென் பிரான்சில் உள்ள ஓராஞ்ச் என்ற ஊரிலிருந்து வந்தது. உரோமர் காலத்தில் அந்த ஊர் ‘அரவுசியோ’. பழத்துக்கும் அதற்கும் பிறப்பில் உறவே கிடையாது. நாசாவு குடும்பத்து வில்லியம் 1544-இல் அந்தச் சிற்றரசை மரபுரிமையாகப் பெற்றார். ஊர்ப்பெயரும் பழப்பெயரும் ஒலியில் தற்செயலாக ஒன்றாகிவிட்டிருந்ததால் அந்த நிறம் குடும்பத்தின் அடையாளமாயிற்று. பழத்தின் பெயர் ஐரோப்பாவில் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

நிறம் பற்றி: ஆங்கிலத்தில் பழப்பெயர் 14-ஆம் நூற்றாண்டு அளவில் வந்துவிட்டது; அதை நிறப்பெயராகப் பயன்படுத்துவது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரிகிறது. அதுவரை அந்த நிறத்தை ‘மஞ்சட்சிவப்பு’ என்ற கூட்டுச்சொல்லால் சொன்னார்கள், அல்லது சிவப்பு என்றே சொன்னார்கள். செம்மஞ்சள் நெஞ்சுடைய ராபின் குருவிக்கு ஆங்கிலத்தில் ‘செந்நெஞ்சன்’ என்ற பெயர் நிலைத்ததும், செம்பட்டை முடியை அவர்கள் சிவப்பு முடி என்பதும் அதனால்தான். தமிழின் ‘செம்மஞ்சள்’ அந்தப் பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லைப் போலவே அமைந்தது, அதற்கும் நமக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமலேயே.

தமிழில் ‘ஆரஞ்சு’ எப்படி அமைந்தது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தின் குறில் ‘ஒ’ தமிழில் ‘ஆ’வாக விரியும்: ஆபீஸ், டாக்டர், காபி. ஈற்றில் வல்லினம் தனித்து நிற்க முடியாததால் உகரம் சேரும். இரண்டையும் கூட்டினால் ஆரஞ்சு. ஆகவே ‘நாரத்தை என்பது திரிந்து ஆரஞ்சு ஆனது’ என்று எழுதுவது தவறு. நாரத்தை இங்கேயே இருந்த சொல். ஆரஞ்சு உலகைச் சுற்றி வந்த சொல். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்த உறவுகளாக இருக்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றது நேரே பிறக்கவில்லை. கிச்சிலி என்ற பழைய பெயரும், ஈழத்தமிழரின் தோடம்பழமும் இந்த வரிசையில் சேராத தனி வழக்குகள். தோடம்பழம் சிங்களத்தின் ‘தொடம்’ என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

மலரில் இடமிருந்தால் இன்னொரு பகுதியை விட்டுவிடாதீர்கள். இதுவரை நாம் பேசிய ‘நாரங்’, ‘நாரஞ்ச்’ எல்லாம் புளிப்பும் கசப்புமான ஆரஞ்சுக்கு உரியவை. அராபியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது அதைத்தான். இனிப்பு ஆரஞ்சைப் பின்னாளில் பரப்பியதில் போர்த்துகீசியருக்குப் பெரும் பங்கு. அதனால் அரபு மொழியில் இனிப்புப் பழம் ‘புர்துகால்’, பாரசீகத்தில் ‘போர்த்தெகால்’, துருக்கியில் ‘போர்த்தகால்’, கிரேக்கத்தில் ‘போர்த்தொகாலி’, ருமேனியாவில் ‘போர்த்தொகாலா’: எல்லாமே போர்த்துகல் என்ற நாட்டுப் பெயர். பாரசீகத்திலும் கிரேக்கத்திலும் பழைய சொல் கசப்பு ஆரஞ்சுக்கென்று ஒதுங்கிவிட்டது. ஒரு மொழியில் ஒரு பழத்துக்கு இப்படி இரண்டு பெயர் இருந்தால், அது இரண்டு தடவை, இரண்டு வழியாக வந்தது என்று ஊகிக்கலாம். வடக்கு ஐரோப்பாவில் இதே பழத்துக்குச் சீனாவின் பெயர்: டச்சு ‘சினாசாப்பல்’, ஜெர்மன் ‘அப்ஃபெல்சீன’, ரஷ்ய ‘அபெல்சின்’, மூன்றும் ‘சீன ஆப்பிள்’. தாவரவியல் பெயரில் வரும் ‘சினென்சிஸ்’ என்பதற்கும் சீனத்தது என்றே பொருள். ‘மாண்டரின்’ என்ற பெயரோ சீன உயர் அதிகாரிகளைக் குறித்த போர்த்துகீசியச் சொல். அது மலாய் ‘மெந்த்தரி’ வழியாக வடமொழி ‘மந்திரி’யில் போய் முடிகிறது. நமக்கு நன்கு பழகிய சொல் ஒன்று இப்படி ஒரு பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சரிபார்க்கும் முறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில், சொல்லின் இன்றைய வடிவத்தை எடுத்துப் பிரிக்காதீர்கள். கிடைப்பதிலேயே பழைய வடிவத்தைத் தேடுங்கள். ‘ஆரஞ்சு’வைப் பிரிக்க முயன்றால் காணாமற்போன ‘ந’ உங்கள் கணக்கில் வராது. அடுத்து, ஒவ்வொரு ஒலி மாற்றத்துக்கும் அதே மொழியிலிருந்து குறைந்தது இரண்டு துணைச் சான்று கேளுங்கள். ‘நாரங்ங’வுக்கு மாங்ங, தேங்ங கிடைத்தன. ‘ற’ இங்கே ‘ர’ ஆனது என்பவர் அதே சூழலில், அதே காலத்தில் அப்படி மாறிய வேறு சொற்களைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பிரிப்பை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். பிறகு வழி: பொருள் போன வணிகப் பாதையும் சொல் போன பாதையும் ஒத்துப்போகின்றனவா, கடன் கொடுத்த மொழியில் அந்தச் சொல் வாங்கிய மொழிக்கு முன்பே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு தலைகீழாக இருந்தால் மற்ற எதுவும் அதைக் காப்பாற்றாது. நெதர்லாந்துச் செய்தி விழுந்தது அங்கேதான்.

நூல்களில் இரண்டு போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பின்னிணைப்பு. பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் இரண்டாம் பதிப்பு 1984. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இரண்டிலும் இலவசமாகத் தேடலாம். தேடும்போது நாரத்தை, நரந்தம், நாரங்கம், நாறு என்று நான்கையும் தனித்தனியே பாருங்கள்; ஒன்றை மட்டும் பார்த்தால் வேண்டிய விடையையே எடுத்துக்கொண்டு வரத் தோன்றும். பேரகராதியில் ‘இதிலிருந்து வந்தது’ என்று காட்டும் கோணக்குறி வேறு, ‘இதனோடு ஒப்பிடுக’ என்ற குறிப்பு வேறு. பலர் இரண்டாவதை முதலாவதாகப் படித்துவிட்டு, அகராதியே சொல்லியிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். கேள்விக்குறியோ ‘போலும்’ என்ற சொல்லோ இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்தெழுதுங்கள்.

மலரில் இந்த அளவுக்கு எழுதினால் போதும் என்பது என் கருத்து:

‘ஆரஞ்சு என்ற சொல் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து பெற்றது. அதற்குப் பின்னால் அரபு நாரஞ்ச், பாரசீக நாரங், வடமொழி நாரங்க. வடமொழிச் சொல் திராவிட மொழியொன்றிலிருந்து பெறப்பட்டதாகலாம். மலையாள நாரங்ங, தமிழ் நாரத்தை ஆகியவை அதற்கு உறவாகக் கருதப்படுகின்றன. பழத்தின் பெயரே பின்னர் நிறத்துக்கும் ஆயிற்று.’

இதற்குப் பக்கத்தில் படம் போடுவதாக இருந்தால் இனிப்பு ஆரஞ்சையும் நாரத்தையையும் தனித்தனிப் படமாகப் போட்டு, பெயரைக் கீழே குறியுங்கள். ஒரே படத்துக்கு இரண்டு பெயரும் போட்டால் இரண்டும் ஒரே பழம் என்று ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவரிடம் நரந்தம், நாறும் என்ற இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஔவையின் அடியில் ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறி அச்சானால், நீங்கள் நிறுவ வந்ததற்கு நேர்மாறானதை மேற்கோளே சொல்லும்.